1908-ஆம் ஆண்டுப் பாணியில் ஒரு நீளக்கை ரவிக்கை: வெட்டு, துணி, தையல்

மலைச்சாரல் (ஏற்காடு)

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகள், வ.உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பற்றிய நாடகம் ஒன்றில் நடிக்கவிருக்கிறாள். கதை நடப்பது 1908-ஆம் ஆண்டுத் தூத்துக்குடியில். கடைக்காரர் விரித்துக் காட்டும் மான்செஸ்டர் துணியைத் தொடவும் மறுத்து எழுந்துவிடும் ஒரு வழக்கறிஞர் வீட்டுப் பெண்ணின் வேடம் அவளுக்கு. நாடக உடைகளை வாடகைக்குத் தரும் கடையொன்றில் பழைய காலத்து ஜாக்கெட் என்று எடுத்துக் காட்டியவை எல்லாம் செயற்கை வெல்வெட்டில், பொன்னிற லேஸ் வைத்து, முதுகில் ஜிப் பொருத்தித் தைத்தவை. அந்நியத் துணியை மறுக்கும் பெண் மேடையில் அப்படியோர் உடையில் நிற்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நானே தைத்துத் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

வீட்டிலுள்ளவர்களுக்கு ரவிக்கை, பாவாடை, சுடிதார் எல்லாம் பல ஆண்டுகளாக நான்தான் தைக்கிறேன். கால்மிதி இயந்திரம் இருக்கிறது. விளிம்பு பிரியாமல் பின்னும் ஓவர்லாக் இயந்திரம் இல்லை. அக்காலத்து நீளக்கை ரவிக்கையின் வெட்டு, இன்று நாம் வெட்டும் நான்கு டாட் (துணியை உடலுக்கேற்ப வடிவாக்கப் பிடிக்கும் கூரிய மடிப்புத் தையல்) ரவிக்கையிலிருந்து எங்கெங்கே வேறுபடுகிறது, எந்தத் துணி பொருந்தும், கையால் தைப்பதா இயந்திரத்தில் ஓட்டுவதா என்பவற்றை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன். மார்புச் சுற்றளவு 34 அங்குலம். லேஸ் வைத்துவிட்டால் பழைமை வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பழம்படத் தொகுப்பு (செவ்வாய்ப்பேட்டை)

வணக்கம், சகோதரி. ஆண்டைக் குறிப்பிட்டுக் கேட்டிருப்பது பெரிய உதவி. அந்தக் காலம் என்று பொதுவாகச் சொன்னால் ஐம்பது ஆண்டுகளின் உடைகள் ஒன்றாகக் கலந்துவிடும். வாடகைக் கடைகளில் நடப்பதும் அதுதான். தோளில் பெரிதாக உப்பி முழங்கைக்குக் கீழே இறுகும் கை, ஐரோப்பாவில் 1830களில் ஒருமுறையும் 1890களில் மறுமுறையும் வந்து போயிற்று. இரண்டாம் முறை அது உச்சத்தில் இருந்தது 1895, 1896 ஆண்டுகளில்; அதன்பின் விரைவாகச் சிறுத்துவிட்டது. ஆகவே 1908-க்குத் தோளில் பந்து வைத்தாற்போன்ற கை வேண்டாம். நான் பார்த்த அக்காலக் குடும்பப் படங்களில் தோள் முனையில் சிறிய சுருக்கமும், மணிக்கட்டு வரையோ முழங்கை வரையோ ஒட்டி வரும் கையும், கழுத்தெலும்பை மூடும் கழுத்தும், முன்பக்கத் திறப்புமே மிகுதி.

ஜிப் இருக்கவே கூடாது. இன்றைய ஜிப்பின் வடிவத்தை கிதியோன் சன்ட்பேக் உருவாக்கியது 1913-இல். பெண்களின் உடைகளில் அது பரவியது 1930களில். பிரஸ் பட்டனுக்கு ஜெர்மனியில் 1885-இலேயே காப்புரிமை பெறப்பட்டுவிட்டது என்பதால் அதில் தடையில்லை. ஆனாலும் ஹூக்கு வைப்பதே இயல்பாக இருக்கும்.

ஓவியங்களைப் பார்த்துத் தைக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ரவி வர்மா 1889-இல் மைசூர் மன்னருக்காக வரைந்த, பதினொரு பெண்கள் இசைக்கருவிகளோடு கூடியிருக்கும் ஓவியம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. நாட்டின் பல பகுதிகளின் உடைகளை ஒரே இடத்தில் காண அதைவிட நல்ல வாய்ப்பு அரிது. ஆனால் ஓவியர் துணியின் மினுக்கத்தைக் காட்டுவார். தையல் எங்கே ஓடுகிறது என்பதைக் காட்ட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வெட்டைத் தெரிந்துகொள்ள நிழற்படங்களையே நம்புங்கள். அவற்றிலும் பக்கவாட்டில் திரும்பி நிற்பவர்களின் படங்கள் மிகவும் பயன்படும்.

ஆத்தூர் வாசகன்

தையல் எனக்குத் தெரியாது, வரலாற்றில் ஆர்வமுண்டு. சுதேசி பேசும் ஒரு பெண், துரைசானிகளைப் பார்த்து எடுத்த கைவைத்த ஜாக்கெட்டை அணிந்திருப்பாளா? ரவிக்கையின்றிப் புடவை மட்டும் உடுத்திய பெண்கள் அன்று நம் ஊர்களில் ஏராளம். அந்தக் கோலத்தை மேடையேற்றக் கூச்சப்பட்டுக்கொண்டு, வரலாற்றுக்குப் பொருந்தாத ஒன்றை வரலாறு என்று காட்டுகிறோமோ என்பதே என் ஐயம்.

பழம்படத் தொகுப்பு (செவ்வாய்ப்பேட்டை)

ஐயா, ரவிக்கையின்றி உடுத்தியவர்கள் ஏராளம் என்பது உண்மை. உழைக்கும் பெண்களும் வயது முதிர்ந்தவர்களும் அவ்வாறே இருந்தனர். நாடகத்தில் வரும் கூடைக்காரி, பாட்டி ஆகியோருக்கு அந்தக் கோலமே சரி. ஆனால் தைத்த மேலாடை முழுவதும் துரைசானிகளிடமிருந்து வந்தது என்று கொள்வதற்கில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே திருவிதாங்கூரில் நடந்த தோள்சீலைப் போராட்டத்தை எண்ணிப் பாருங்கள். மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் பெண்கள் அரை நூற்றாண்டுக் காலம் அடிபட்டார்கள். 1859 ஜூலையில் வெளிவந்த அரசாணை அவர்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டை அணிய இசைந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல் மேலாடை போடக்கூடாது என்ற கட்டுப்பாட்டை விடவில்லை. அப்பகுதிச் சிரியன் கிறித்தவப் பெண்களும் மலபாரின் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் குப்பாயத்தை அதற்கு முன்பே அணிந்து வந்தவர்கள். வடக்கே, தாகூர் குடும்பத்து மருமகளான ஞானதாநந்தினி தேவி 1860களில் பம்பாயில் பார்சிப் பெண்களைக் கண்டு, ரவிக்கையும் உள்பாவாடையும் சேர்ந்த புடவைக்கட்டை வங்கத்துக்குக் கொண்டு சென்றார். இவ்வளவும் நடந்து முடிந்த பிறகுதான் 1908 வருகிறது. படித்த வழக்கறிஞர் வீட்டுப் பெண் அன்று ரவிக்கை அணிந்திருப்பது மிக இயல்பு. கையின் சுருக்கத்தில் ஐரோப்பியச் சாயல் உண்டு, மறுக்கவில்லை. சுதேசிக்காரர்கள் முதலில் எதிர்த்தது இறக்குமதித் துணியை.

ஊசிமுனை (அஸ்தம்பட்டி)

தங்கைக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களுக்கான தையற்கடை நடத்துகிறேன். பழைய ரவிக்கைகளைப் பிரித்துப் பார்த்து அளவெடுக்கும் பழக்கமும் எனக்குண்டு. நீங்கள் வெட்டைப் பற்றி முதலில் கேட்டது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது, ஏனெனில் இருபது அடி தூரத்தில் அமர்ந்திருப்பவருக்கு லேஸ் தெரியாது, முதுகில் ஓடும் கோடு தெரியும்.

முதுகிலிருந்தே தொடங்குங்கள். இன்றைய ரவிக்கையில் முதுகு ஒரே துண்டு. கழுத்து ஆழமாக இறங்கும். வடிவம் முழுவதையும் முன்பக்கத்து டாட்டுகள் தாங்கும். அக்காலத்து வெட்டில் முதுகு நான்கு துண்டு. நடுவில் இரண்டு ஒடுக்கமான துண்டுகள், தோளருகே அகன்று இடுப்பில் ஒன்றரை அங்குல அளவுக்குக் குறுகும். அவற்றின் இருபுறமும், கைக்குழியின் பின்பகுதியில் தொடங்கி இடுப்புக்கு வளைந்து இறங்கும் பக்கத் துண்டுகள் சேரும். இன்று பிரின்சஸ் கட் என்று நாம் சொல்வதற்கு இது உறவுதான், ஆனால் வளைவு முதுகில் இருக்கும்; தைத்து முடித்ததும் இடை சிறுத்துத் தோள் நிமிர்ந்து தெரியும். தோள் தையலும் தோளின் உச்சியில் அமையாது. ஏறத்தாழ ஓர் அங்குலம் பின்னால் தள்ளி, கழுத்திலிருந்து கைக்குழியை நோக்கிச் சரிந்து இறங்கும். இந்த ஒன்றைச் செய்தாலே உடை வேறொரு காலத்துக்குப் போய்விடும்.

முன்பக்கம் இரு துண்டுகள். ஒவ்வொன்றிலும் இடுப்பிலிருந்து மேல்நோக்கி இரண்டு டாட் பிடியுங்கள். மார்பு முனைக்கு ஓர் அங்குலம் கீழேயே அவற்றை நிறுத்திவிடுங்கள். இன்றைய கூர்மையான கப் வடிவம் அன்று கிடையாது. மார்பு வட்டமாக, சற்றுத் தாழ்வாக அமரும். மார்பைக் கிண்ணம் போல் தனித் துண்டாக வெட்டும் கட்டோரி வெட்டு முற்றிலும் ஆகாது. இணையத்தில் கிடைக்கும் 1890கள், 1900களின் ஐரோப்பிய மாதிரிப் படங்களைப் பெரிதாக்கி அப்படியே வெட்டச் சிலர் சொல்வார்கள். அவை உள்ளே கோர்செட் என்னும் விறைப்பான உள்ளாடையால் இடையை இறுக்கிய உடலுக்காக வரையப்பட்டவை. மார்புக்கும் இடுப்புக்கும் இடையே அவற்றில் இருக்கும் வேறுபாடு, கோர்செட் அணியாத நம் பெண்ணின் உடலில் வராது. துண்டுகளின் அமைப்பை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அளவை எடுக்கக் கூடாது. மார்பில் 34-க்கு மேல் இரண்டு அங்குலம் தளர்வு விடுங்கள். உடல் நீளம் இடுப்பைத் தாண்டி இரண்டு அங்குலம் வரட்டும்; அந்தப் பகுதி கொசுவத்துக்குள் மறைந்து, கையை உயர்த்தும்போது வயிறு தெரியாமல் காக்கும்.

லைனிங் தனியாகத் தொங்கக் கூடாது. மேல்துணித் துண்டையும் லைனிங் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களில் நூலோட்டி, பிறகு இரண்டையும் ஒரே துணியாகக் கருதித் தையுங்கள். உள்ளே தையல் விளிம்புகள் வெளிப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்து அயர்ன் செய்து கையால் சுற்றித் தைத்தால் போதும். ஓவர்லாக் இல்லையே என்று வருந்தவே வேண்டாம்.

நல்ல துணியில் கத்தரி வைப்பதற்கு முன் காடாத் துணியில் முழு ரவிக்கையையும் கையோடு சேர்த்து வெட்டி, பெரிய தையலாகப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு அணிவித்துப் பாருங்கள். இதில் மட்டும் சோம்பல் கூடாது. 36 அங்குல அகலத் துணியானால் மேலுக்கு இரண்டேகால் மீட்டரும் லைனிங்குக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டரும் தேவைப்படும்.

பட்டுக்கரை (அம்மாபேட்டை)

எங்கள் வீட்டில் கொள்ளுப்பாட்டியின் திருமணப் பட்டுப்புடவை இருக்கிறது. அரக்கு நிறம், கனத்த ஜரிகைக் கரை. நாடகம் நடக்கும் காலத்துக்கு மிக நெருங்கியது. பெட்டியில் மடித்த மடிப்பிலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பவரும் இல்லை. அதிலிருந்து ரவிக்கைக்கு வேண்டிய அளவு வெட்டித் தர நான் ஆயத்தம். அக்காலத்துத் துணியாலேயே அக்காலத்து உடை அமைவதைவிடச் சிறந்தது வேறென்ன இருக்க முடியும்?

குகைத் தறி (குகை)

அம்மா, உங்கள் பெருந்தன்மையை வணங்கிச் சொல்கிறேன்: வெட்டாதீர்கள். மூன்று தலைமுறையாகத் தறியில் இருக்கும் குடும்பம் எங்களுடையது. அந்தக் காலத்துப் பட்டு, மடிப்பில் பாவு இழை (நீளவாட்டு நூல்) இற்றிருக்கும். கைகொண்டு தடவினால் உறுதியாகத் தெரியும். ஊசி ஏறி இழுவிசை வந்ததும் மடிப்பு நெடுகிலும் கிழியும். தோளில் சுருக்கம் வைத்து, அந்தச் சுருக்கத்தின் மேல் கையின் அசைவு முழுவதும் விழும் இடத்தில் அது ஒரு மாலைப்பொழுதும் தாங்காது. இன்றைய பாலியெஸ்டர் நூலால் தைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனெனில் நூல் அறாது, பட்டுதான் அறும்.

பட்டுக்கரை (அம்மாபேட்டை)

ஐயா சொல்வது புரிகிறது. ஆயினும் பெட்டிக்குள்ளேயே இற்றுப்போகட்டும் என்று விடுவதும் அழிவுதானே? யார் கண்ணிலும் படாமல் அழிவதைவிட, ஒருமுறை மேடையேறி அழிவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊசிமுனை (அஸ்தம்பட்டி)

அம்மா, பெட்டியில் அழிவதைத் தடுக்க வழியுண்டு. மடிப்புகளைப் பிரித்து, கஞ்சி நீங்கத் துவைத்து உலர்த்திய காடாத் துணியோடு சேர்த்து உருளையில் சுற்றி வையுங்கள். ஜரிகை ஒன்றோடொன்று உரசாமல் இடையே துணி வரட்டும். வெளிச்சம் படாத, ஈரமில்லாத இடமாக இருக்கட்டும். அந்தப் புடவையின் முழு நீளம், கரையின் அகலம், முந்தியின் அமைப்பு ஆகியவை அது வெட்டுப்படாமல் இருக்கும் வரைதான் படிக்கக் கிடைக்கும். ரவிக்கை ஒன்றுக்காக அதை இழக்க நான் உடன்பட மாட்டேன். என் கடைக்கே கொண்டு வந்தாலும் கத்தரி வைக்க மாட்டேன்.

பட்டுக்கரை (அம்மாபேட்டை)

உருளையில் சுற்றி வைக்கிறேன். ஆனால் அதை ஒருமுறையேனும் நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற என் எண்ணம் மாறவில்லை. நாடக அரங்கின் வாசலில், விரித்த நிலையில் வெறுமனே பார்வைக்கு வைக்க முடியுமா என்று கல்லூரியில் கேட்டுப் பார்க்கலாம், மலைச்சாரல்.

குகைத் தறி (குகை)

அது நல்ல யோசனை. தொங்கவிடாமல் கிடைமட்டமாக வைத்தால் கனத்த கரையின் எடை துணியை இழுக்காது.

துணியைப் பற்றி நான் சொல்ல வந்தது வேறு. பலரும் மெல்லிய மல் துணி எடுக்கச் சொல்வார்கள். இந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்தாது. ஒரு பவுண்டு எடைக்கு 840 கஜ நீளச் சிட்டங்கள் (நூற்கட்டுகள்) எத்தனை நிற்கின்றனவோ, அதுவே பருத்தி நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும். அந்நாளில் நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் தடித்த நூலையே நூற்றன. மெல்லிய நூல் பெருமளவில் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியது. நெய்தவர் சேலத்துக்காரராக இருந்தாலும், மெல்லிய துணியின் இழை கடல் கடந்து வந்ததாக இருக்க வாய்ப்பு மிகுதி. உறுதியான சுதேசிப் பெண் ஒருத்தி இதை அறிந்தே, சற்று முரடான துணியை விரும்பி எடுத்திருப்பாள். 20-ஆம் நம்பர் முதல் 30-ஆம் நம்பர் வரையிலான நூலில் கைத்தறியில் நெய்த, சலவை செய்யாத துணியே அவளுக்கு உரியது. அதாவது, ஊசிமுனை அம்மையார் ஒத்திகைக்காக வாங்கச் சொன்ன காடாவின் தடிமன்தான் இறுதி ரவிக்கைக்கும் வேண்டியது. கடைவீதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் கேட்டால் கைத்தறியில் நெய்ததாகவே கிடைக்கும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி போக அலசி, நிழலில் உலர்த்திய பின்பே அளவெடுங்கள். சுருங்க வேண்டியது முன்னாலேயே சுருங்கிவிடட்டும்.

கதர் என்ற சொல்லை வசனத்தில் வைத்திருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். கைராட்டை இயக்கம் காந்தியடிகள் 1915-இல் நாடு திரும்பிய பிறகு வளர்ந்தது. நம் பகுதியில் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ஆசிரமம் தொடங்கியது 1925-இல்.

நிறமும் அப்படித்தான். பழைய உடை என்றதும் மூலிகைச் சாயம் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது. பெர்க்கின் 1856-இல் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. எனவே 1908-இல் கடைத்தெருவில் தொங்கிய வண்ணத்துணிகளில் பெரும்பாலானவை ஆலைச் சாயம் ஏறியவையே. நம் பெண் அதை மறுக்கிறாள் என்றால் சாயமேற்றாத துணியையோ அவுரி நீலத்தையோதான் நாடுவாள். தென்னார்க்காட்டுப் பக்கம் அவுரி விளைந்த காலம் அது.

சேலம் வெண்பட்டு வேண்டுமா என்று யாரேனும் கேட்கக்கூடும். புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பொருள். எனக்கு அதில் பெருமை உண்டு. கல்யாணக் காட்சி இருந்தால் மாப்பிள்ளைக்கு வெண்பட்டு வேட்டி கட்டுங்கள். வீதியில் நின்று வாதாடும் காட்சிக்குப் பருத்தியே வேண்டும்.

மலைச்சாரல் (ஏற்காடு)

அனைவரும் இவ்வளவு எடுத்துச் சொன்னதற்கு நன்றி சொல்லி மாளாது. குகைத் தறி ஐயா சொன்ன துணியையே முடிவு செய்துவிட்டேன், சாயம் ஏற்றப்போவதில்லை. புடவைக்கு அவுரி நீலக் கைத்தறியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

காடாவில் ஒத்திகை ரவிக்கை தைத்து, அவள் மலைக்கு வந்தபோது அணிவித்துப் பார்த்தோம். முதுகுத் துண்டுகள் மிக அழகாக அமைந்துவிட்டன. தோள் தையலைப் பின்னுக்குத் தள்ளியதன் பயனைக் கண்ணால் கண்டேன். ஆனால் கையை முன்னால் நீட்டினால் முதுகு இறுக்குகிறது. தலைக்கு மேல் தூக்கினால் ரவிக்கை முழுவதும் இடுப்பிலிருந்து எழும்பி வருகிறது. நாடகத்தில் அவள் துணிமூட்டையைத் தூக்கி வெளியே எறிய வேண்டும். கைக்குழியை இன்னும் அரை அங்குலம் ஆழமாக வெட்டிவிட்டால் சரியாகுமா, அக்கா?

ஊசிமுனை (அஸ்தம்பட்டி)

வெட்டாதே, தங்கையே. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு இதைப் படி. இறுக்குகிறது என்றதும் குழியை ஆழமாக்குவது நம் எல்லோரின் கையிலும் ஊறிய பழக்கம்; ஒட்டிய நீளக்கைக்கு அது நேர் எதிரான பலனைத் தரும்.

கை, உடலோடு எங்கே சேர்கிறது என்று பார். குழியின் அடிப்பகுதி அக்குளுக்கு மிக அருகே இருந்தால், கையைத் தூக்கும்போது அந்த மூட்டுக்கு மேலே உள்ள துணி மட்டும் அசையும். அடிப்பகுதி இரண்டு அங்குலம் கீழே இறங்கியிருந்தால், கை விலாவோடு தைக்கப்பட்டதற்குச் சமம். கையைத் தூக்கினால் விலாவையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். உன் ரவிக்கை இடுப்பிலிருந்து எழும்புவதன் காரணம் இதுவே. கை குட்டையாக, சுற்று அகலமாக இருக்கும் இன்றைய ரவிக்கைகளில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. அக்காலத்து உடைகளில் கைக்குழி வியக்கத்தக்க அளவு சிறியதாக இருக்கும். இன்றைய கண்ணுக்கு அது தவறு போலத் தோன்றும். ஆனால் அதை அணிந்தவர்கள் தண்ணீர் இறைத்தார்கள், பிள்ளையைத் தூக்கினார்கள், துணி உலர்த்தினார்கள்.

செய்ய வேண்டியது இது. அவளை மீண்டும் அணியச் செய்து, குழியின் அடியில் ஒரு காடாத் துண்டை வைத்து, அக்குளைத் தொடாமல் அரை விரல் இடைவெளி இருக்கும் உயரம் வரை அடியை மேலே ஏற்றிக் குண்டூசி குத்து. அந்தப் புதிய கோட்டைக் காகித மாதிரியில் குறித்துக்கொள். குழி சிறுத்ததால் கையின் அடிப்பகுதியும் அதே அளவு மேலே வர வேண்டும். அப்போது அடிக்கையின் தையல் நீளம் கூடும், அந்தக் கூடுதல் நீளம்தான் கையை உயர்த்த இடம் தருவது. முன்னால் நீட்டும்போது முதுகு இறுக்குவதற்குக் காரணம் வேறு: குழியின் பின்பக்கக் கோடு முதுகுக்குள் போதுமான அளவு குடையப்படவில்லை, அல்லது கையின் பின்பாதியில் அகலம் போதவில்லை. பின்பாதிக்கு முக்கால் அங்குலம் சேர்த்து, அதைத் தோளின் பின்பக்கச் சுருக்கத்துக்குள் கொண்டு போய்விடு.

முழங்கையையும் கவனி. நேராகத் தொங்கும் கையை அளந்து வெட்டிய ஒட்டுக்கை, மடக்கும்போது மணிக்கட்டிலிருந்து மேலே ஏறிவிடும். கையை மடக்கச் சொல்லி, தோள் முனையிலிருந்து முழங்கை மூட்டைச் சுற்றி மணிக்கட்டு வரை அளவெடு. கையை இரு துண்டாக, மேல்கை அகலமாகவும் அடிக்கை ஒடுக்கமாகவும், முழங்கையில் இரண்டும் வளையும்படி வெட்டுவது அக்கால முறை. ஒரே துண்டாக வெட்டினால் முழங்கையின் பின்புறத்தில் சிறு டாட் பிடித்தும் ஈடுகட்டலாம். மேடையிலிருந்து வேறுபாடு தெரியாது. மணிக்கட்டில் மூன்று அங்குலத் திறப்பு விட்டு, காஜா எடுத்து மூன்று சிறு பொத்தான் வைத்துவிடு. அது இல்லையென்றால் உள்ளங்கை நுழைவதற்காகச் சுற்றைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பெரிதாக்கினால் கையின் ஒட்டு போய்விடும்.

பழம்படத் தொகுப்பு (செவ்வாய்ப்பேட்டை)

தோள் சுருக்கத்தின் அளவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முந்தானை இடத்தோளில் விழும்போது அந்தச் சுருக்கம் நசுங்கிவிடாதா?

ஊசிமுனை (அஸ்தம்பட்டி)

நல்ல கேள்வி, தம்பி. 1895-இன் பெரிய கையாக இருந்தால் நசுங்கும். இதற்குக் கையின் தலைப்பகுதி, கைக்குழியின் சுற்றைப் போல் ஒன்றேகால் மடங்கு இருந்தால் போதும். அந்தக் கூடுதல் முழுவதும் தோள் முனையின் முன்னும் பின்னும் இரண்டு அங்குலத்துக்குள் சுருக்கப்பட வேண்டும். அக்குள் பக்கம் ஒரு சுருக்கமும் போகக் கூடாது. கால் அங்குல இடைவெளியில் இரு வரிசை நூலோட்டிச் சேர்த்து இழுத்தால் சுருக்கம் ஒழுங்காகப் படியும். தோள் தையலை அரை அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது சுருக்கம் எலும்பு முனைக்கு மேலே நின்று, முந்தானைக்குக் கழுத்தை ஒட்டி இடம் விட்டுவிடும். முந்தானையை ஒடுக்கமாக மடித்து அங்கே ஓர் ஊசி குத்தினால் இரண்டும் ஒன்றையொன்று தொடா. உள்ளே விறைப்பான ஆர்கண்டித் துணியில் மூன்று விரல் அகலப் பட்டை ஒன்றைக் கொசுவி, சுருக்கத்துக்கு அடியில் தைத்து வைத்தால் வியர்வையில் நனைந்தாலும் தோள் தொய்யாது.

ஆத்தூர் வாசகன்

முழுவதும் கையால் தைத்தால்தான் அது உண்மையாக இருக்கும் என்று ஒரு காணொளியில் கேட்டேன். இங்கே யாரும் அதை வலியுறுத்தவில்லையே.

பழம்படத் தொகுப்பு (செவ்வாய்ப்பேட்டை)

1820-இன் உடையைத் தைப்பதாக இருந்தால் அது சரி, ஐயா. சிங்கர் தம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851-இல். நூற்றாண்டு முடிவதற்குள் நம் நாட்டு நகரங்களிலும் தையற்காரர்களிடம் இயந்திரம் வந்துவிட்டது. சேலத்துக்கு 1860களின் தொடக்கத்திலேயே இரயில் வந்துவிட்டதால் சரக்கு வந்து சேரத் தடையும் இல்லை. நீளத் தையல்களை இயந்திரத்தில் ஓட்டுவது 1908-க்கு முற்றிலும் பொருந்தும்.

ஊசிமுனை (அஸ்தம்பட்டி)

ஆம். முதுகுத் தையல், பக்கத் தையல், கைத் தையல் எல்லாம் இயந்திரத்தில்; ஓர் அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் விழும்படி சிறிதாக, பருத்தி நூலில். உள்விளிம்பு சுற்றுவது, கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பதிப்பது, ஹெம்மிங், காஜா, ஹூக்கு ஆகியவை கையால். கழுத்துப் பட்டியைக் கிராஸாக, அதாவது துணியின் குறுக்குச் சாய்வில் வெட்டி, வெளியே தையல் தெரியாமல் பதித்தால் வேறு அலங்காரம் தேவைப்படாது.

மலைச்சாரல் (ஏற்காடு)

அக்கா சொன்னபடி குழியை மேலே ஏற்றி மறுபடியும் காடாவில் தைத்துப் பார்த்தேன். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபோது ரவிக்கையின் அடி இடுப்பில் அப்படியே நின்றது. கீழே தையல் கடை வைத்திருக்கும் அண்ணியிடம் காட்டினேன். இவ்வளவு சிறிய குழியில் கை எப்படி அசைகிறது என்று அவர் திரும்பத் திரும்பத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். இறுதித் துணியை வெட்டி, நூலோட்டி முடித்துவிட்டேன். பட்டுக்கரை அம்மாவின் புடவையை அரங்க வாசலில் வைக்கக் கல்லூரியில் இசைந்துவிட்டார்கள். கிடைமட்டமாக வைப்பதற்கு நீள மேசையும் தருகிறார்கள்.

கடைசியாக ஒன்று. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஆண்டின் பாதி நாள் மூடுபனியும் ஈரமும்தான். சாதாரண ஹூக்குகள் சில மாதங்களிலேயே துருப்பிடித்துத் துணியில் பழுப்புக் கறையை இறக்குகின்றன. வெளிர்நிறத் துணி என்பதால் கவலையாக இருக்கிறது. பிறகு கல்லூரியிலேயே இந்த ரவிக்கையைப் பாதுகாத்து வைக்க விரும்புகிறார்கள்.

ஊசிமுனை (அஸ்தம்பட்டி)

இரும்பு ஹூக்கை விட்டுவிட்டுப் பித்தளை ஹூக்காகக் கேட்டு வாங்கு, தங்கையே. கடைவீதியில் தையல் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக வைத்து, எதிர்ப்பக்கத்தில் உலோக வளையத்துக்குப் பதிலாக இரட்டை நூலில் காஜாத் தையல் போட்டு வளையம் எடுத்துவிடு. இழுத்தால் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், துருவுக்கும் இடமில்லை. கஞ்சி போட்டு எடுத்து வைக்காதே, ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிமீன் பூச்சியும் வரும். நாடகம் முடிந்ததும் துவைத்து, கஞ்சியின்றி நன்றாக உலர்த்தி, கைகளுக்குள் பழைய பருத்தித் துணியைச் சுருட்டி வைத்துக் கொடுத்துவிடு. மறுமுறை மேடையேறும் நாளில் கஞ்சி போட்டுக்கொள்ளலாம்.